ஓட்டை விழுந்த பேப்பர்

போன மாதம் பேப்பர் போடுகிறவர் வாசலில் நின்று, "அம்மா, இந்த மாசத்தோட சரி. இனிமே எல்லாம் போன்லதான்" என்றார். நான் விடவில்லை. யார் சொன்னது, ஊருக்கே நிறுத்துகிறார்களா, என் ஒருத்தி வீட்டுக்கு மட்டுமா என்று கேட்டேன். மனுஷர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே பதில் சொன்னார். வண்டியை அணைக்காமல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அடுத்த மாதம் பிறந்தது, வாசலில் பேப்பர் விழவில்லை.

மகள் அதே பேப்பரை என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தாள். அதே தலைப்பு, அதே எழுத்து. விரலால் தள்ளினால் பக்கம் ஓடுகிறது. "பெருசாக்கிப் படிக்கலாம்மா, கண்ணாடியே வேணாம்" என்றாள். சரி, படிப்போமே என்று படித்தேன். காலையில் ஒரு விபத்துச் செய்தி. லாரி ஓட்டியவர் மேல்தான் தப்பு என்று போட்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதையே மறுபடி எடுத்தால், விசாரணை நடக்கிறது என்று மட்டும் இருக்கிறது. லாரிக்காரரைப் பற்றி மூச்சே இல்லை. வெட்டின இடமும் தெரியவில்லை, ஒட்டின இடமும் தெரியவில்லை. மகளைக் கேட்டால், "மாத்தியிருப்பாங்கம்மா, இதெல்லாம் சகஜம்" என்கிறாள்.

எனக்குச் சகஜமாகப் படவில்லை. பேப்பரில் ஒன்றை எடுத்தால் எடுத்த இடத்தில் ஓட்டை தெரிய வேண்டும். அப்படிப்பட்ட ஓட்டைகளை வைத்துக்கொண்டுதான் ஒரு காலத்தில் நான் மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். யார் பெயரையும் எழுத மாட்டேன். ஏன் என்று படித்து முடித்தால் உங்களுக்கே தெரியும்.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முந்தி நான் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்திருந்தேன். எங்கள் லோரோங்கில், அந்தச் சின்னச் சந்தில், அவ்வளவு படித்த பெண்பிள்ளை வேறு யாரும் இல்லை. அது பெருமையா என்றால், இல்லை, தொல்லை. என் மாமியாருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த மருமகள் எந்த நேரமும் எதையாவது மறைத்து வைத்திருப்பாள் என்பது அவருடைய முடிவு.

லோரோங் முழுவதற்கும் ஒரே பேப்பர்தான். முதல் நாள் அச்சானது காலை பஸ்ஸில் வரும். முனையில் இருந்த முடிவெட்டும் கடைக்காரர் அதை வாங்குவார். கடைக்கு வருகிற ஆண்கள் மத்தியானம்வரை அதைப் பிய்க்காத குறையாகப் படிப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அரசியலும் குதிரைப் பந்தயமும். அதற்குப் பிறகு பேப்பர் எங்கள் வீட்டுக்கு வரும். உதறினால் மடிப்புக்குள்ளிருந்து யாருடைய தலைமுடியோ கொட்டும், பவுடர் வாசம் அடிக்கும். முடியைத் தட்டிவிட்டுப் பின்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்து பெண்களுக்கு நான் படிப்பேன். ஆண்கள் புரட்டிக்கூடப் பார்க்காத உள்பக்கம்தான் எங்களுக்கு உயிர். யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் யாரைத் தேடுகிறார்கள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும்.

நான் ஒரு சேதியைப் படித்து நிமிர்ந்தால் மாமியார் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "அதுல அப்படித்தான் போட்டிருக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, அத்தை."

"ம்ம்."

அந்த 'ம்ம்' இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம். சாயந்தரம் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் மாமியார் அதே இடத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். நான் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறேனா என்று பரீட்சை. ஒரு நாள் அவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார். இல்லாததைச் சேர்த்துப் படித்தாய் என்று திட்டு எனக்குத்தான் விழுந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அச்சில் வந்ததை மாமியார் மறுத்ததே இல்லை. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் அங்கே கூட்டத்தில் நின்று சொந்தக் காதால் கேட்டுவிட்டு, தொண்டை கட்டிப்போய் வந்தார். "பேப்பர்ல வரட்டும்" என்றார் மாமியார், பெற்ற பிள்ளையைப் பார்த்து. மறுநாள் நான் படித்ததும்தான், "சுதந்திரம் வருதாம்டி, பேப்பர்லயே போட்டுட்டான்" என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போனார்.

எங்களோடு மரத்தடியில் உட்காருகிறவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா. மலாக்காச் செட்டிகளுக்கு வீட்டில் தமிழ் கிடையாது, மலாய்தான். சாரோங்கும் கெபாயாவுமாக, நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்து படங்களைப் பார்ப்பார். தமிழ் புரியாது என்பார். ஆனால் யாராவது செத்த சேதி வந்தால் முதலில் 'உச்' கொட்டுவது அவர்தான். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொருவர் எதிர்வீட்டு அக்கா. ஏதோ ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையோடு வந்து ஒற்றை அறை எடுத்துக்கொண்டிருந்தார். முடிவெட்டும் கடையைக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. வேலை முடிந்து வரும்போது பேப்பரைக் கொண்டுவந்து தருவதும் அவர்தான். புருஷன் எங்கே என்று கேட்டால், "சிங்கப்பூருக்குக் கப்பல் வேலைக்குப் போனாரு, சேதியே இல்ல" என்பார். தாலி கழுத்தில் இருந்தது. நான் உள்பக்கம் படிக்கும்போது அக்கா அப்படியே உறைந்துபோய்க் கேட்பார். புருஷனைப் பற்றி ஒரு வரியாவது வராதா என்று காத்திருக்கிறார், பாவம், என்று எங்களுக்கெல்லாம் மனசு இளகும்.

மாமியாருக்கு மட்டும் இளகாது. "அவ எதையோ மறைக்கிறா. பிள்ளையப் பாரு, பள்ளிக்கூடம் போற வயசு, வீட்டுக்குள்ளயே வச்சிருக்கா" என்பார். அந்தப் பிள்ளைக்கு வலது கையில் ஆறு விரல். மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்று அனுப்பவில்லை என அக்கா சொன்னதை நாங்கள் நம்பினோம். மாமியார் 'ம்ம்' என்றார்.

இந்தச் சமயத்தில்தான் பேப்பரில் ஓட்டை விழ ஆரம்பித்தது. ஒரு நாள் உள்பக்கத்தைப் பிரித்தால் நடுவில் ஒரு சதுரம் இல்லை. கிழிசல் இல்லை, பிளேடால் வெட்டின வெட்டு. ஓட்டை வழியாக மாமியார் முகம் தெரிந்தது. "என்னடி அது?" என்றார். "யாரோ வெட்டியிருக்காங்க, அத்தை." "யாரோவா?" என்று என்னையே பார்த்தார். என் அப்பா வீட்டிலிருந்து ஏதோ கெட்ட சேதி வந்து நான்தான் மறைத்துவிட்டேன் என்று அவருக்கு நினைப்பு. நான் அழுதேன், ஆத்திரத்தில்.

ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். சில வாரம் கழித்து மறுபடி ஒன்று. பிறகு மறுபடி. எப்போதும் அதே உள்பக்கம். எனக்குத் தூக்கம் போனது. முதல் சந்தேகம் முடிவெட்டுகிறவர் மேல். பிளேடு அவரிடம்தானே இருக்கிறது? வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொன்னேன். "தலைய வெட்டவே நேரமில்ல, பேப்பர வேற வெட்டுறனா?" என்று அவர் சத்தம் போட்டாராம்.

அடுத்து சிஐடி. அது அவசர காலம், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட சமயம். யார் காட்டுக்குள் போனான், யார் யாரைக் காட்டிக் கொடுத்தான் என்று ஊரே காதோடு காது பேசிக்கொண்டிருந்தது. முடிவெட்டும் கடையில் தெரியாத ஆள் உட்கார்ந்தால் பேச்சு தானாக நின்றுவிடும். அரசாங்கத்து ஆள் எவனோ வந்து எதையோ வெட்டி எடுக்கிறான் என்று கொஞ்ச நாள் நம்பினேன். கல்யாணப் பக்கத்தில் சிஐடிக்கு என்ன வேலை என்று பிறகுதான் உறைத்தது.

உறைத்ததும் சந்தேகம் எங்கே போனது தெரியுமா? என் வீட்டுக்காரர் மேல். 'மணமகள் தேவை' எல்லாம் அந்தப் பக்கத்தில்தானே வருகிறது! காலையில் முடிவெட்டும் கடையைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறார்! ஒரு வாரம் அவர் சட்டைப் பையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினேன். ஒரு பஸ் டிக்கெட்டும் வெற்றிலைக் காம்பும் கிடைத்தன. "உனக்கு என்னதான் வேணும்?" என்று அவர் கேட்டபோது சட்டையை ஊற வைத்தேன்.

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட நான் ஒரே ஒருவரை விட்டுவிட்டேன். பேப்பரைக் கையில் எடுத்து வருகிறவரையே. எழுத்துத் தெரியாதவர் எதை வெட்டப் போகிறார் என்று எனக்கு அப்போது அவ்வளவு திமிர். மாமியாருக்கும் அது தோன்றவில்லை. அவரும் படித்தவளைத்தான் சந்தேகப்பட்டார்.

மெர்டேக்கா வந்த சமயம், மளிகைக்கடை பாய் ஒரு ரேடியோ வாங்கி வைத்தார். மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே மஞ்சள் விளக்கு. கொண்டாட்டத்தைக் கேட்கத்தான் வாங்கினார். கொண்டாட்டம் முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. மத்தியானத் தமிழ் நிகழ்ச்சியில் பாட்டு, செய்தி, கடைசியில் அறிவிப்புகள். யார் செத்தார்கள், எப்போது எடுக்கிறார்கள், யாரைக் காணவில்லை எல்லாம் அன்றைக்கே வந்துவிடும். மரத்தடியில் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பாய் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். செட்டி அம்மாகூடப் போனார், தமிழ் புரியாதவர்!

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, பொறாமைதான். ஆனால் பொறாமை மட்டும் இல்லை. பெட்டி ஒரு சேதியைச் சொல்லும், முடிந்தது. திரும்பச் சொல் என்றால் சொல்லுமா? இந்த வரியைக் காட்டு என்றால் காட்டுமா? யார் பேசுகிறான், எங்கே உட்கார்ந்து பேசுகிறான், அவன் முகம் எப்படி இருக்கும், ஒன்றும் தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியாரும் நானும் ஒரே கட்சி. "நேத்து சொன்னத இன்னைக்கு இல்லேன்னா யாருகிட்ட போய்க் கேக்கறது?" என்றார் அவர்.

எங்கள் இருவரைத் தவிர ரேடியோவுக்குப் போகாதவர் எதிர்வீட்டு அக்கா மட்டும்தான். கூப்பிட்டால் துணி ஊற வைத்திருக்கிறேன், அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்று ஏதாவது சொல்வார். "எனக்கு நீ படிக்கறதே போதும், தங்கச்சி" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். என் வாசிப்புக்கு ஒரு ரசிகை மிஞ்சினாளே என்று அவருக்காகவே குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். மடச்சி.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடுகு வாங்கப் பாய் கடைக்குப் போயிருந்தேன். ரேடியோ கேட்கப் போகவில்லை, கடுகுக்குத்தான். பெண்கள் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் அக்காவின் பிள்ளை, பெருங்காயம் வாங்க நின்றாள். பாட்டு முடிந்து அறிவிப்பு வந்தது. ஒரு சாவு, இன்னொரு சாவு. பிறகு அந்தக் குரல் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, இன்னாரின் மனைவி பெண் குழந்தையோடு காணாமற்போய்விட்டார் என்றது. சொன்ன பெயர் எங்களுக்குத் தெரியாத பெயர். "குழந்தையின் வலது கையில் ஆறு விரல்கள் இருக்கும். கண்டவர்கள் இந்த முகவரிக்குத் தெரிவிக்கவும்."

பெருங்காயத்துக்கு நீட்டின கை அப்படியே இருந்தது. கடையில் எல்லாக் கண்ணும் அந்தக் கையில். பிள்ளை சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, "நான் இல்ல" என்றாள்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. "அடியாத்தி! புருஷன் உசுரோட இருக்கான்டி!" என்று ஒருத்தி கை தட்டினாள். ஒருத்தி அழவே அழுதாள். பாய் பிள்ளைக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்து, "ஒங்கப்பா தேடுறாரும்மா, அழக்கூடாது" என்றார். நல்ல மனுஷர், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அந்த மத்தியானமே டவுனுக்குப் போய் அந்த முகவரிக்குத் தந்தி அடித்துவிட்டார். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்ததாம். பின்னால் அதைச் சொல்லிச் சொல்லியே மருகினார்.

பெண்கள் சர்க்கரையோடு அக்கா வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அக்கா வாசலில் நின்று கேட்டார். முகம் சிரித்தது. கொடுத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். ஆனால் விழுங்கவில்லை, கன்னத்தில் அப்படியே நின்றது. எனக்கு ஏதோ உறுத்தியது. மாமியார் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாயந்தர வெயில் இன்னும் இருந்தது. மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா நேராக என் காலில் விழப் போனார். நான் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, நீ படிச்சவ. ரேடியோக்காரங்களுக்கு எழுது. நாங்க செத்துட்டோம்னு எழுது."

"என்னக்கா இது, உங்க புருஷன்..."

"தேடுறான். கப்பலுக்கெல்லாம் போகல. தோட்டத்துலதான் இருக்கான். நாங்கதான் ஓடி வந்தோம்." முக்காட்டைத் தள்ளி முடியை ஒதுக்கினார். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துவரை ஒரு நீளத் தழும்பு. "ரப்பர் மரத்துல கித்தா வெட்டுற உளி. அடுத்தது புள்ளைக்குன்னான். அந்த ஆறாவது விரல வெட்டிக் காட்டறேன்னான். மறுநாள் வேலைக்காட்டுல இருந்து அப்படியே வந்துட்டேன்."

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்த ஓட்டையெல்லாம் நீதானா?"

"ஆமாம்மா. எங்க கல்யாணப் படத்தப் போட்டுருந்தான். எழுத்துத் தெரியாது, ஆனா என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? கூட்டறப்போ பாத்தேன். கடையில பழைய பிளேடு கெடந்துச்சு."

அந்தப் படம் பழையது. நகையும் பூவுமாகத் தலை குனிந்த கல்யாணப் பெண், அச்சு மையில் முகம் பாதி அழிந்திருக்கும். தினமும் துடைப்பத்தோடு எதிரே நிற்கிறவர்தான் அது என்று முடிவெட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? அக்கா பேரையும் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் லோரோங்கில் உள்பக்கத்தைப் படிக்கிற ஒரே ஆள் நான். என் கைக்கு வருவதற்கு முன்னால் வெட்டிவிட்டால் போதும். போதுமாகத்தான் இருந்தது, அந்தப் பெட்டி வரும்வரை.

"அது பேசுறத எங்கேம்மா வெட்டறது?" என்றார் அக்கா. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மாமியார் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது அவர் பழக்கமே இல்லை. "நான் அப்பவே சொன்னேன், இவ எதையோ மறைக்கிறான்னு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாயக் கூட்டிட்டு வா. ஓடு" என்றார்.

பாய் வந்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ், நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன். தந்தி போயிருச்சே, பெரியம்மா."

"போனது போச்சு. ஒங்க தங்கச்சி தெங்கேராவுலதானே இருக்கு?"

"இருக்கு."

"அந்த வீட்டுக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரு தலையிலயும் துணியப் போடுங்க. யாரு கேட்டாலும் ஒங்க சொந்தம்."

அவர்கள் போனதும் மாமியார் லோரோங்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார். மத்தியானம் சர்க்கரை கொடுத்தவர்களிடமெல்லாம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு அடங்கியது. ஒருத்தி மட்டும், "என்ன இருந்தாலும் புருஷன்தானே" என்றாளாம். அவளிடம் அந்தத் தழும்பின் நீளத்தைத் தன் விரலால் அவள் கழுத்திலேயே வரைந்து காட்டினாராம்.

தந்தியைப் பார்த்துவிட்டு அந்தப் புருஷன் வந்தார். நான் ஒரு முரடனை எதிர்பார்த்தேன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் போட்டு வாரின தலை, கையில் ஒரு பொம்மை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "அம்மா, ரேடியோவுல சொன்னதக் கேட்டு, என் சம்சாரம் இங்க இருக்கறதா தந்தி வந்துச்சு" என்று சொல்லும்போதே கண் கலங்கியது. உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் அக்கா மேலேயே சந்தேகம் வந்தது. இந்த மனுஷரா? தழும்பு வேறு எதனாலாவது இருக்குமோ? நான் அப்படிப்பட்டவள், யாரையும் விடமாட்டேன்.

"எந்த ரேடியோ? எங்க ஊர்ல அப்படி ஒன்னும் சொல்லலியே" என்றார் மாமியார்.

அவர் தந்தியைக் காட்டினார். பாய் கடையிலிருந்து வந்து, "நான்தான் அடிச்சேன். கண்ணு சரியில்ல தம்பி. ஆறு விரலுன்னு நெனச்சேன், கிட்டப் போய்ப் பாத்தா அது மரு. அந்தப் புள்ளையும் ஜாசின் பக்கம் போயிருச்சு" என்றார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷர், வியர்த்துக் கொட்டியது. நல்லவேளை, வெயிலும் அப்படி இருந்தது.

வந்தவர் பையிலிருந்து ஒரு பேப்பர்த் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதுல போட்டிருக்கு பாருங்க. படத்தப் பாத்தாவது சொல்லுங்க."

சதுரத் துண்டு. இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாத ஓட்டையில் இருந்த விளம்பரம் அதுதான். படத்தில் கல்யாணப் பெண் தலை குனிந்திருந்தாள். அவள் தோளில் ஒரு கை. "படிடி" என்றார் மாமியார். நான் படித்தேன். "என் அன்பு மனைவிக்கு. நீ செய்த தவறுகளையெல்லாம் மன்னித்துவிட்டேன். ஆறு விரல் குழந்தையுடன் உடனே வரவும்."

"அதுல அப்படித்தான் போட்டிருக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, அத்தை."

மாமியார் அவர் பக்கம் திரும்பினார். "என்ன தப்பு செஞ்சாளாம்? அதப் போடலியா?"

அவ்வளவுதான் கேட்டார். கலங்கியிருந்த கண் ஒரு நொடியில் காய்ந்துபோனது. பொம்மையைப் பிடித்திருந்த விரல்கள் அதன் கழுத்தில் இறுகின. "அது எங்க வீட்டு விசயம்" என்றான். அதற்குப் பிறகு நான் அவனை 'அவர்' என்று நினைத்ததில்லை.

வீடு வீடாகக் கேட்டான். யாரும் வாயைத் திறக்கவில்லை. செட்டி அம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை வெயிலில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார். மரத்தடியில் அக்காவோடு ஒரே பாயில் எத்தனையோ மத்தியானம் உட்கார்ந்தவர். "தா தாவு" என்றார். தெரியாது என்று அர்த்தம். அவன் தமிழில் என்னென்னவோ கேட்டான். எல்லாவற்றுக்கும் அதே பதில். அவன் முதுகைத் திருப்பின பிறகு எங்களைப் பார்த்துச் சுத்தமான தமிழில், "போயிட்டானா?" என்றார். அவர் மேல் நான் வைத்திருந்த சந்தேகம் ஒன்றாவது சரியாகப் போயிற்று.

சாயந்தர பஸ்ஸில் அவன் போனான். பொம்மையைப் பாய் கடைப் படியில் விட்டுவிட்டுப் போயிருந்தான். மாமியார் அதை அடுப்பில் போட்டார்.

அக்காவும் பிள்ளையும் தெங்கேராவிலிருந்து எங்கே போனார்கள் என்று பாய் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எந்த வாயிலாவது வந்துவிடும். பாய் ரேடியோவை விற்கவில்லை, ஆனால் அறிவிப்பு நேரம் வந்தால் குமிழைத் திருகி அணைத்துவிடுவார். கூட்டம் குறைந்தது. கொஞ்ச நாளில் மரத்தடிக்குச் சிலர் திரும்பி வந்தார்கள். பேப்பரில் அதற்குப் பிறகு ஓட்டை இல்லை. நான் படித்து நிமிர்ந்தால் மாமியார் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு மட்டும் அந்த 'ம்ம்' முன்போல் கோபம் மூட்டவில்லை.

போன வாரம் மகள் சமையலறையில் இருந்தபோது என் கைபேசி 'டிங்' என்றது. எடுத்தால் ஒரு படம். இளம் பெண், இடுப்பில் குழந்தை, சிரிக்கிறாள். மேலே சிவப்பு எழுத்தில் 'காணவில்லை'. கீழே, கண்டவர்கள் இந்த எண்ணுக்கு அழைக்கவும், தயவுசெய்து எல்லாருக்கும் பகிரவும்.

மகளைக் கூப்பிட்டேன்.

"இவளைத் தேடறது யாரு?"

"அதெல்லாம் போடலம்மா. வீட்டுக்காரங்களாத்தான் இருக்கும்."

"இத எடுத்துடு. மொதல்ல எடு."

"நீங்க அழிச்சா ஒங்க போன்ல மட்டும்தான்மா போவும்."

"பரவால்ல. ஒன் போன்லயும் அழி."

மகள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் காலையிலேயே எல்லாருக்கும் அனுப்பிட்டேனேம்மா" என்றாள்.